கடலைக் காலி செய்வது எப்படி?

கடலைக் காலி செய்வது என்றதும் பலர் மலைத்துப்போகிறார்கள். பெரிய கப்பல் வேண்டுமே, கல்நெஞ்சு வேண்டுமே என்று. இரண்டும் வேண்டாம். அமெரிக்காவில் எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ சுகர்லேண்டிலோ ஒரு வீடு; மீன் பொரிக்கக் கொல்லைப்புறத்தில் ஒரு கேஸ் அடுப்பு (உள்ளே பொரித்தால் வாடை கார்ப்பெட்டில் ஏறி, வீட்டை விற்கும் நாள்வரை இறங்காது); ஞாயிற்றுக்கிழமை குழம்பில் மீன் மிதக்காவிட்டால் சோறு இறங்காத தொண்டை. இவ்வளவு இருந்தால் ஆரம்பித்துவிடலாம். செய்முறையை அமெரிக்கா நூறு வருஷமாகச் செய்து பார்த்து, கணக்கும் எழுதி வைத்திருக்கிறது. மூன்று கரைகளிலிருந்து பொறுக்கியதைக் கீழே தருகிறேன்.

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: “அதுக்கு ஆதாரம் எங்கே?” வலையைவிட இந்தக் கேள்விதான் அதிகமாக மீன் பிடித்திருக்கிறது.

மத்தி: ஆரம்பப் பாடம்

பே ஏரியாக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கோல்டன் கேட் பாலத்துக்கு அடுத்தபடி மான்டரேக்குத்தானே கூட்டிப்போகிறீர்கள்? ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு கேனரி ரோவில் நடக்கிறீர்களே, அந்தத் தெரு நெடுக ஒரு காலத்தில் மத்தியை டப்பாவில் அடைத்த ஆலைகள். 1936–37 பருவத்தில் கலிஃபோர்னியாவில் கரையேறிய மத்தி 7 லட்சம் டன்னுக்கும் மேல்.

இவ்வளவையும் யாரோ ஆசையாகச் சாப்பிட்டார்கள் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். டப்பாவுக்குள் போனது ஒரு பங்குதான். பெரும்பங்கை அவித்து, பிழிந்து, எண்ணெய் எடுத்து, சக்கையைக் காயவைத்துப் பொடியாக்கிக் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் அனுப்பினார்கள். மீனைப் பொடியாக்குவதற்கு மாநிலம் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சிலர் ஆலையையே கப்பலில் ஏற்றிக்கொண்டு மூன்று மைல் எல்லைக்கு வெளியே போய் நின்றார்கள். மாநிலச் சட்டம் அதுவரைக்கும்தான் நீந்தும். ஆகவே சட்டத்தை முழுசாகப் படியுங்கள். எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

அந்தச் சமயத்தில் மாநில மீன்வள ஆய்வகத்தில் ஃப்ரான்சஸ் கிளார்க் என்றொரு அம்மாள் இருந்தார். மீனின் வயதையும் நீளத்தையும் சினையையும் வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, பிடிப்பது அளவு மீறிப் போகிறது என்று அவரும் அவருடன் இருந்தவர்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆலைக்காரர்கள் நம் கேள்வியைக் கேட்டார்கள்: ஆதாரம் எங்கே? மத்தி கூடுவதும் குறைவதும் கடலின் சுபாவம், வலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம், அவர்கள் சொன்னது பாதி நிஜம். சான்டா பார்பரா கடலடிச் சேற்றில் படிந்திருக்கும் செதில்களை எண்ணிப் பார்த்தபோது, வலை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மத்தி பெருகியும் அருகியும் வந்திருப்பது தெரிந்தது. கடல் தானாகக் குறைத்துக்கொள்ளும் காலத்திலும் பெருகிய காலத்து வேகத்திலேயே வாரினார்கள், அவ்வளவுதான். பாதி நிஜம் கையில் இருக்கும்போது முழுப் பொய்க்குச் செலவு செய்யாதீர்கள்.

மத்தி ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்க 1949-இல் பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் மான்டரேயில் ஆய்வு இருந்தது, மத்தி இல்லை. 1967-இல் மத்தி பிடிக்கத் தடை போட்டார்கள். பிடிக்க ஒன்றும் இல்லாதபோது போடும் தடையை யாரும் எதிர்ப்பதில்லை. அரசியல்வாதிகளுக்கு இது நல்ல யோசனை. தெருவின் கடைசி ஆலை 1973-இல் மூடியது. அதே இடத்தில் 1984-இல் மீன்காட்சியகம் திறந்தார்கள். அங்கே கண்ணாடிக்குள் மத்தி கூட்டமாய்ச் சுற்றுகிறது. நுழைவுக் கட்டணத்தை உங்கள் அப்பா ரூபாயில் பெருக்கிப் பார்த்து, “இந்தக் காசுக்கு நாகப்பட்டினத்துல ஒரு கூடை வாங்கலாமேடா” என்பார்.

மத்தி அப்புறம் திரும்பி வந்தது, வலையும் வந்தது. 2015-இல் கையிருப்பு மறுபடி சரிந்ததும் பெரும் அளவில் பிடிப்பதை மூடிவிட்டார்கள். இந்தத் தடவை முழுதாக ஒழியும்வரை காத்திருக்கவில்லை. நம் நோக்கத்துக்கு இது பின்னடைவுதான்.

ஒரே ஒரு வாணலியால் ஒரு மீனை ஒழிக்கலாம்

டெக்சாஸ் அன்பர்களுக்கு இது. லூசியானாக்காரரான பால் புருதோம் நியூ ஆர்லியன்ஸில் 1979-இல் ஓர் உணவகம் திறந்தார். ரெட்ஃபிஷ் என்ற மீனைத் துண்டம் போட்டு, உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மிளகாய்த்தூள் மசாலாவில் புரட்டி, வெளுக்கக் காய்ந்த இரும்பு வாணலியில் போட்டுக் கருக்கினார். புகை மண்டியது. நம் வீட்டில் இப்படிச் செய்திருந்தால் ஆத்தா கரண்டியைப் பிடுங்கியிருப்பாள். அவரோ உலகப் புகழ் பெற்றார். 1980களில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரைக்கும் எல்லாக் கடையிலும் கருக்கிய ரெட்ஃபிஷ் கேட்டார்கள்.

ரெட்ஃபிஷ் சின்ன வயசில் கழிமுகத்து உப்பங்கழிகளில் வளரும். பெரிசானதும் வெளிக்கடலுக்குப் போய்க் கூட்டமாகத் திரியும். நாற்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும். கூட்டமாகத் திரிகிற கிழட்டு மீன்தான் வருஷா வருஷம் முட்டையிட்டுக் கழிமுகத்தை நிரப்பும் தாய். விமானத்தை மேலே பறக்கவிட்டு, தண்ணீரில் செம்புநிறத் திட்டு தெரிகிற இடத்தைப் பார்த்து, கீழே படகுக்குச் சொல்லி, சுருக்குமடியால் சுற்றி மொத்தமாக அள்ளினார்கள். தாய்களை அள்ளினால் பிள்ளைகளைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

1986-இல் மத்திய அரசு அவசரத் தடை போட்டது. மெக்சிகோ வளைகுடாவின் மத்திய அரசுக் கடல் எல்லையில் ரெட்ஃபிஷ்ஷைப் பிடித்து வைத்துக்கொள்ள இன்றைக்கும் அனுமதி இல்லை. டெக்சாஸ் அதற்கு முன்பே, 1981-இல், அந்த மீனை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஹூஸ்டனில் 1977-இல் சங்கம் சேர்ந்த தூண்டில்காரர்கள். அவர்கள் ஒன்றும் துறவிகள் இல்லை. வலைக்காரன் பிடிக்காவிட்டால் நம் தூண்டிலுக்குக் கிடைக்கும் என்ற கணக்குதான். விற்றுப் பிழைத்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். பொழுதுபோக்குக்குப் பிடித்தவர்கள் படகை இன்னும் பெரிசாக வாங்கினார்கள். மீன் மட்டும் திரும்பி வந்தது. இன்றைக்கு உணவகத்தில் நீங்கள் தின்கிற ரெட்ஃபிஷ் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. அதைக் கருக்கினால் நம் பட்டியலில் சேராது.

இறால்: இதில் தேறினால் எல்லாவற்றிலும் தேறலாம்

இறாலுக்கு இழுவைமடிதான். கீழே கனமான சங்கிலி, இரண்டு பக்கமும் பலகை. கடலடியைக் கூட்டிக்கொண்டே போகும். இறால் வரும், கூடவே வருவதெல்லாம் வரும். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு கிலோ இறாலோடு பல கிலோ குட்டி மீன் ஏறி வந்து, மேல்தட்டிலேயே செத்து, மறுபடி கடலுக்குப் போன காலம் உண்டு. அதில் ரெட் ஸ்னாப்பர் குஞ்சுகளும் சேர்த்தி. நம் சங்கராவுக்குச் சொந்தக்கார மீன். சங்கரா விலை ஏறிவிட்டது என்று புலம்புகிறவர் இறால் தொக்கை ருசித்துக்கொண்டே புலம்பினால் பாடம் பூர்த்தி.

ஆனால் இறால் மடியின் உச்ச சாதனை ஆமைதான். கெம்ப் ரிட்லி என்பது கடலாமைகளிலேயே சின்னது, அரிதானது. மெக்சிகோவின் ரான்சோ நுவேவோ கடற்கரையில் 1947-இல் ஒருவர் எடுத்த சினிமாச் சுருளைப் பார்த்தவர்கள், ஒரே நாளில் ஏறக்குறைய 40,000 பெண் ஆமைகள் முட்டையிட ஏறியிருக்கும் என்று கணித்தார்கள். 1985-இல் பருவம் முழுக்க எண்ணியும் கிடைத்த கூடுகள் 702. ஓர் ஆமை பருவத்துக்கு இரண்டு மூன்று தடவை முட்டையிடும் என்பதால், மிஞ்சிய தாய்கள் சில நூறுதான். முட்டையைத் தோண்டி விற்றவர்களுக்கும் இதில் சரிபாதிப் பெருமை உண்டு; மறைக்கக் கூடாது. மிச்சத்தை மடி பார்த்துக்கொண்டது. ஆமை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய பிராணி. மடிக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும்.

இதற்கு மாற்று வழியை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, ஜார்ஜியாவில் சிங்கி பூன் என்ற இறால் பிடிப்பவர் ஏற்கெனவே வைத்திருந்தார். மடியில் சொறி (ஜெல்லிமீன்) அடைத்துக்கொண்டு இம்சை பண்ணுகிறதே என்று மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்தியிருந்தார். கம்பிகளுக்கு இடையே இறால் நழுவி உள்ளே போகும். பெரிசாக எது வந்தாலும் கம்பியில் முட்டி, சறுக்கி, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போகும். சொறிக்குச் செய்தது ஆமைக்கும் ஆயிற்று. ஒழுங்காகப் பொருத்தினால் மாட்டிய ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தப்பிவிடும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு.

இந்தக் கம்பிச் சட்டத்தைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று 1987-இல் விதி வந்தது. கடலைக் காலி செய்ய விரும்பும் எவரும் 1989 ஜூலை மாதத்தைப் படிக்க வேண்டும். விதியை எதிர்த்து டெக்சாஸ் இறால் படகுகள் ஆரன்சஸ் பாஸிலும் கால்வெஸ்டனிலும் துறைமுக வாய்களை அடைத்து நின்றன. கதவு வழியாக எங்கள் இறாலும் போகிறது, நாங்கள் ஆமையைப் பார்த்ததே இல்லை, ஆதாரம் எங்கே? பார்த்ததில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அவ்வளவு ஆமைதான் மிஞ்சியிருந்தது. வணிகத்துறைச் செயலர் ராபர்ட் மோஸ்பேக்கர், ஹூஸ்டன்காரர், விதியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டு, விதியைத் திரும்பக் கொண்டுவந்தன.

படகுக்காரர்களைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. கடனில் வாங்கிய படகு, டீசல் விலை, வெளிநாட்டு இறால் வந்து கொட்டிய சந்தை. அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஆமை அல்ல. தட்டில் இறால் மலிவாக வேண்டும் என்று கேட்ட நம் போன்ற நல்லவர்கள்.

பிறகு நடந்தது நம் கையேட்டுக்குப் பெருத்த நஷ்டம். கரையில் முட்டைக்குக் காவல், மடியில் கம்பிச் சட்டம், டெக்சாஸின் பாட்ரே தீவில் இரண்டாவது குடியிருப்பு. எல்லாம் சேர்ந்து 2012-இல் கூடுகள் 20,000-ஐத் தாண்டின. நடுவில் 2010-இல் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து ஒரு கை கொடுக்காமல் இல்லை. இருந்தும் ஆமை நிற்கிறது. கோடைக் காலையில் பாட்ரே தீவுக்குப் போனால், உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள் துடுப்பால் மணலைத் தள்ளித் தள்ளி அலையை நோக்கிப் போவதை ஜனங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். மேலே வட்டமிடும் பறவைகளை ஊழியர்கள் விரட்டிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. ஆமை தப்பும் ஏற்பாடு இல்லாத நாட்டிலிருந்து கடல் இறால் வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா 1990களில் சொன்னபோது, இந்தியாவும் மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. ஆமையைக் காக்க நினைத்தது சரி, நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியது தப்பு என்பது 1998 மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சாரம். 2019-இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா மறுபடி கதவடைத்தது. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கரைக்கு நெருக்கமாக இழுவைப் படகு வரக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1983-லேயே சட்டம் இருக்கிறது. அதை எழுதிய தாள் பத்திரமாக இருக்கிறது.

சாப்பிடாததையும் விடாதீர்கள்

நியூ ஜெர்சிக்காரர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாம். டெலவேர் விரிகுடாவில் குதிரைலாட நண்டை யாரும் குழம்பு வைப்பதில்லை. டைனோசருக்கும் மூத்த பிராணி. தின்னச் சதை இல்லை. ஆனால் சினையுள்ள பெண் நண்டை வெட்டிக் கூட்டில் போட்டால் கடல் சங்கும் விலாங்கும் வாசனைக்கு ஓடிவரும். 1990களில் இந்த இரைக்காக வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வாரினார்கள். பெண் நண்டு சினைப் பருவம் அடைய ஒன்பது பத்து வருஷம் ஆகும் என்பது வாரியவர்களின் கவலை இல்லை.

அடி விழுந்தது ஒரு பறவைக்கு. ரெட் நாட் என்ற உள்ளான் இனம் ஒன்று தென்னமெரிக்காவின் அடிமுனையிலிருந்து ஆர்க்டிக் வரை பறக்கிறது. வழியில் மே மாதம் இந்த விரிகுடாவில் இறங்கி, நண்டு முட்டையைத் தின்று, இரண்டே வாரத்தில் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு கிளம்பும். முட்டை இல்லையென்றால் பெட்ரோல் பங்க் மூடிய கதை. 1980களில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் எண்ணிய இடத்தில் 2021-இல் ஏழாயிரத்துக்கும் குறைவு. சங்குக்கு இரை போட்டு ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிப்பதைக் கெடுக்க முடியும் என்று யார் நினைத்தார்கள்? கடலைக் காலி செய்பவருக்கு இத்தனை பலன் கேட்காமலே கிடைக்கும்.

நியூ ஜெர்சி 2008-இல் இந்த நண்டைப் பிடிப்பதை அடியோடு நிறுத்தியது. அதோடு விட்டார்களா? அலை புரட்டிப்போட்டு மல்லாந்து கிடக்கும் நண்டுகளை நிமிர்த்திவிடுவதற்கென்றே இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு தொண்டர்கள் அலைகிறார்கள். கேப் மே பக்கம் உங்களையும் கூப்பிட்டால், மறுநாள் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அதே கரையில் இன்னொரு வேலை உண்டு: வாட்ஸாப் புகைப்படம். பெல்மாரிலிருந்து படகில் போய் வரிப்பட்டை பாஸ் பிடிப்பவர்கள் இருப்பதிலேயே பெரிசைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆசைப்படுவார்கள். நல்லது. ஆகப் பெரிசு அநேகமாகப் பெண்; சின்னதைவிடப் பல மடங்கு முட்டையிடும். இதைத் தெரிந்துகொண்ட நிர்வாகம் 2023-இல் 31 அங்குலத்துக்கு மேல் இருந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும், 28-க்குக் கீழே இருந்தாலும் விட்டுவிட வேண்டும் என்று ஒரு சந்துக்குள் நம்மை அடைத்துவிட்டது. தோளில் கேமராவும் இடுப்பில் அளவுநாடாவுமாகப் போக வேண்டிய காலம்.

எச்சரிக்கை

சலிப்பூட்டும் விதிகளிடம் ஜாக்கிரதை. பே ஏரியாவில் சங்கரா கிடைக்காமல் ‘பசிபிக் ஸ்னாப்பர்’ என்று வாங்குகிறீர்களே, அது ராக்ஃபிஷ். அதில் சில வகை நூறு வயசைத் தாண்டும். அவ்வளவு நாள் வாழ்கிறதை ஒரு தலைமுறையில் முடித்துவிடலாம் என்றுதான் 1990களில் வேலை நடந்தது. 2002-இல் கடலில் பெரும்பெரும் பகுதிகளை மூடினார்கள். 2011 முதல் இழுவைப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்து எடை எழுதினார். விளைவு, கேனரி ராக்ஃபிஷ் மீண்டுவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். வீரமும் இல்லை, தியாகமும் இல்லை, நோட்டும் தராசும்.

நண்டும் இப்படித்தான் நழுவுகிறது. வணிகப் படகுகள் டன்ஜனெஸ் நண்டில் ஆணைத்தான் கொண்டுவரலாம். சினை நண்டு ரசத்துக்கு ஏங்குகிறவர் ஏங்க வேண்டியதுதான். 2015-16-இல் கடல் சூடேறி, திமிங்கிலங்கள் இரையைத் தேடிக் கரையோரம் வந்து, நண்டுக் கூட்டின் கயிறுகளில் சிக்கின. 2016-இல் மட்டும் மேற்குக் கரையில் 71 திமிங்கிலம் சிக்கியதாகப் புகார்ப் பதிவு. அதன்பின் நண்டுப் பருவத்தைத் திமிங்கிலம் கிளம்பிப் போகும்வரை தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். ஹாஃப் மூன் பேயில் நன்றியறிதல் விருந்துக்கு நண்டு கிடைக்காத வருஷங்கள் வரிசையாக வந்துவிட்டன. ஊரில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்றால் “பாவம், மீனவர்கள்” என்று சொல்கிறோம். டெக்சாஸிலும் மே மத்தியிலிருந்து இரண்டு மாதம் இறாலுக்குக் கடல் மூடல். நமக்குத் தெரிவதே இல்லை. ஃப்ரீசர் திறந்திருக்கிறதே.

அந்த ஃப்ரீசருக்கு வருவோம். இவ்வளவு விதிகளுக்கும் தப்பி வீட்டிலிருந்தே காலி செய்ய உகந்தது பண்ணை இறால். அமெரிக்கர் தின்னும் இறாலில் பத்துக்கு ஒன்பது இறக்குமதி. அதிகம் அனுப்புவது இந்தியா. அதில் பெரும்பகுதி வன்னாமெய் என்ற பண்ணை இறால். 2019 தடை பண்ணைக்குப் பொருந்தாது. மடி இல்லை, ஆமை இல்லை, மனசும் சுத்தம். அந்த இறாலுக்குப் போடும் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது. மீன்தூளுக்கு மத்தியும் போகிறது, ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று ஒதுக்கும் குட்டி மீன்களும் போகின்றன; வளரவிட்டிருந்தால் சந்தைக்கு வந்திருக்கக்கூடியவை. பையின்மேல் ‘பண்ணையில் வளர்ந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என்ன தின்று வளர்ந்தது என்று போட்டிருக்காது. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவில் நின்றுகொண்டு அதைக் கேட்காதீர்கள். கடைக்காரருக்கும் தெரியாது, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கொத்தமல்லிக் கட்டோடு முறைப்பார்கள்.